நாணயத்தில் இருக்கும் ஆண்டு வேறு, அது பிறந்த ஆண்டு வேறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடருங்கள். வருகைப் பதிவு எடுக்க மாட்டேன்!

முதலில் ஒரு கேள்வி. ஒரு வெள்ளிக்காசில் 1780 என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் அந்தக் காசுக்கு வயது என்ன? "கழித்தல் கணக்குதானே சார்" என்று வகுப்பே கை தூக்கும். இந்தக் காசைப் பொறுத்தவரை அந்தக் கழித்தல் கணக்கு பெரும்பாலும் தப்பு. 1780 என்று போட்ட காசு 1850இல் அடித்ததாக இருக்கலாம், 1936இல் அடித்ததாக இருக்கலாம், சென்ற ஆண்டு அடித்ததாகவும் இருக்கலாம். எதுவுமே கள்ளக்காசு கிடையாது. எல்லாமே அரசாங்க நாணயச் சாலையில் முறையாக அடித்தவைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், சந்தையில் பார்த்த ஒரு வெள்ளிக்காசின் படத்தை அனுப்பியிருந்தார். "சார், 1780ஆம் வருடத்துக் காசாம். கடைக்காரர் கேட்கும் விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. மகளுக்கு வாங்கி வைக்கலாமா?" என்று கேட்டார். உழைத்துச் சேர்த்த பணம். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு எழுதியதையே விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

யார் இந்த அம்மையார்?

அந்தக் காசில் இருப்பவர் மரியா தெரசா. 1717இல் பிறந்தவர். 1740 முதல் 1780 வரை ஆஸ்திரியா, ஹங்கேரி, பொஹீமியா முதலிய நாடுகளை ஆண்டவர். பதினாறு பிள்ளைகளின் தாய். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்குப் பலியான மரி அந்துவானெத் அவர்களில் ஒருவர். கணவர் 1765இல் இறந்த பிறகு அரசி கடைசி வரை விதவைக் கோலத்திலேயே இருந்தார். காசிலும் தலையில் முக்காடுடன்தான் இருப்பார். பின்பக்கம் இரட்டைத் தலைக் கழுகு. விளிம்பில் அவருடைய கொள்கை வாசகம் லத்தீனில் பொறித்திருக்கும். பொருள்: "நீதியும் கருணையும்."

காசின் பெயர் தாலர். இன்று பொஹீமியா பகுதி செக் நாட்டில் இருக்கிறது. அங்கே யோவாகிம்ஸ்தால் என்ற ஊரில் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. அந்த ஊர் வெள்ளியில் 1520 வாக்கில் அடித்த பெரிய காசுக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு தாலர் ஆனது. இன்று உலகமே உச்சரிக்கும் 'டாலர்' அதிலிருந்து வந்த சொல்தான்.

மரியா தெரசா தாலரின் எடை ஏறத்தாழ 28.07 கிராம். ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஆக ஒரு காசில் சுத்த வெள்ளி 23.39 கிராம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இறந்த பிறகும் பிறந்துகொண்டே இருந்த காசு

அரசி 1780 நவம்பர் 29 அன்று காலமானார். வழக்கப்படி அடுத்த காசில் புதிய மன்னரின் முகம் வரவேண்டும். ஆஸ்திரியாவுக்குள் அப்படித்தான் வந்தது. ஆனால் இந்தத் தாலர் கடல் கடந்து போய் வேறு ஊர்களில் வேர் பிடித்திருந்தது. ஏமனின் மோக்கா துறைமுகத்தில் காப்பிக்கொட்டை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் இந்தக் காசைத்தான் கொட்டிக் கொடுத்தார்கள். செங்கடலின் இரு கரையிலும், எத்தியோப்பியா, சூடான், அரேபியா எங்கும் மக்கள் இதை நம்பினார்கள்.

அவர்களுக்கு அரசி யார், ஆஸ்திரியா எங்கே என்ற கவலையெல்லாம் இல்லை. முகம் அதே முகமா, தோளில் குத்தியிருக்கும் ப்ரூச்சில் முத்துகள் சரியாக இருக்கின்றனவா, கழுகின் இறகு தெளிவாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கினார்கள். அரபு மக்கள் இதற்குச் செல்லமாக 'அபு தைர்' என்று பெயர் வைத்தார்கள். பறவைக்காரன் என்று பொருள். புது மன்னரின் முகம் போட்ட காசைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நம்மூரில் பழக்கமான கடையை விட்டு வேறு கடைக்குப் போகாத பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கதைதான்.

வணிகர்கள் நாணயச் சாலையைக் கேட்டுக்கொள்ள, 1780 என்ற அதே ஆண்டுடன், அதே முகத்துடன் காசு தொடர்ந்து அடிக்கப்பட்டது. முகத்தின் கீழே எஸ்.எஃப். என்று இரண்டு எழுத்து இருக்கும். இன்று ஜெர்மனியில் இருக்கும் குன்ஸ்பர்க் ஊர் நாணயச் சாலையின் அதிகாரிகளான ஷோபல், ஃபாபி ஆகியோரின் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. அந்தச் சாலை 1805இல் மூடப்பட்டது. ஆனால் அந்த எழுத்துகள் மட்டும் காசில் நிலைத்துவிட்டன. இன்றைக்கு அடிக்கும் காசிலும் அவை உண்டு! வியன்னா, ப்ராக், மிலான், வெனிஸ் நாணயச் சாலைகளும் இதே காசை அடித்தன. 1858இல் ஆஸ்திரியாவுக்குள் இது செல்லாத காசானது. வெளிநாட்டு வணிகத்துக்கென்று அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

இப்படி ஒரு பழைய காசை அதே வடிவில், அதே ஆண்டு போட்டு, நாணயச் சாலையே மறுபடி அடிப்பதைத்தான் மறு அச்சு என்கிறோம். ஆங்கிலத்தில் ரீஸ்ட்ரைக்.

ஒரு காசுக்காக நடந்த போட்டி

எத்தியோப்பியாவில் இந்தக் காசு எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள். 1867இல் அங்கே சிறைபட்ட ஐரோப்பியர்களை மீட்க பிரிட்டிஷ் அரசு பம்பாயிலிருந்து ஜெனரல் நேப்பியர் தலைமையில் படை அனுப்பியது. உள்ளூரில் தானியமும் கோவேறு கழுதையும் வாங்க பவுனோ ரூபாயோ உதவவில்லை. வியன்னாவில் சொல்லி லட்சக்கணக்கில் தாலர் அடித்து வாங்க வேண்டியதாயிற்று. பிறகு எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் தம் முகம் போட்ட வெள்ளிக்காசை 1890களில் வெளியிட்டார். சொந்த நாட்டு மன்னரின் காசையே மக்கள் தயங்கித்தான் வாங்கினார்கள். வெளிநாட்டு விதவை அரசியின் காசுதான் சந்தையை ஆண்டது.

இது முசோலினிக்கும் தெரிந்திருந்தது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுப்பதற்கு முன்பே, தாலர் அடிக்கும் உரிமையை ஆஸ்திரியாவிடமிருந்து 25 ஆண்டுகளுக்கு இத்தாலி எழுதி வாங்கிக்கொண்டது. அச்சுகள் வியன்னாவிலிருந்து ரோமாபுரிக்குப் போயின. எந்த நாட்டு மக்கள் அந்தக் காசை நம்பினார்களோ, அந்த நாட்டைப் பிடிக்கவே அந்தக் காசு பயன்பட்டது. கூலிக்கும், தீவனத்துக்கும், உள்ளூர்த் தலைவர்களை வளைப்பதற்கும் அதே அரசியின் முகம். வரலாற்றில் பீரங்கியைப் பற்றிப் படிக்கிறோம். பீரங்கிக்கு முன்னால் போகும் பணப்பையைப் பற்றிப் பாடப்புத்தகம் அதிகம் சொல்வதில்லை.

செங்கடல் வணிகத்தில் இருந்த மற்ற நாடுகளுக்கும் தாலர் தேவைப்பட்டது. வியன்னாவில் கிடைக்காது என்றானதும் அவர்களே அச்சு வெட்டிக்கொண்டார்கள். பாரிஸ் அடித்தது. லண்டன் அரச நாணயச் சாலை 1936இல் தொடங்கியது. அடுத்து பிரசல்ஸ். இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியரோடு சண்டை மூண்டபோது, 1940, 1941 ஆண்டுகளில் நம் பம்பாய் நாணயச் சாலையும் அடித்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒன்றரைக் கோடிக்கும் மேல்! அந்தப் போரில் கெரன் மலையில் ஏறிச் சண்டையிட்டவர்களில் நம் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். காசு அடித்ததும் நம் தொழிலாளி, களத்தில் நின்றதும் நம் சிப்பாய். காசின் முகமோ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஆஸ்திரிய அரசி!

பிறகு பர்மிங்காமிலும் அடித்தார்கள். 1961 முதல் மறுபடி வியன்னாவே அடிக்கத் தொடங்கியது. இன்றும் சேகரிப்போருக்காக அடித்து விற்கிறது. எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து கோடிக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. எத்தியோப்பியாவின் இன்றைய பணத்துக்குப் 'பிர்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். தாலரின் நினைவு அந்தப் பெயரில் இன்னும் இருக்கிறது.

சரி, விலைக்கு வருவோம்

மஸ்கட் மாணவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒமானில் 1970 வரை புழங்கிய காசு இது. சந்தையில் குவியலாகக் கிடைப்பதில் வியப்பில்லை. சாதாரண மறு அச்சுத் தாலருக்கு அடிப்படை விலை அதிலுள்ள வெள்ளிதான். அன்றைய சுத்த வெள்ளியின் கிராம் விலையை 23.39ஆல் பெருக்குங்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் நியாயம். "240 வருடப் பழமை" என்று சொல்லிப் பல மடங்கு கேட்டால், அவர் ஆண்டை விற்கிறார், காசை விற்கவில்லை. அப்படித்தான் எழுதினேன். மாணவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளி விலையை ஒட்டிக் கொடுத்த வேறு கடையில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

மறு அச்சு விலையைப் பாதிக்கும் விதம் மூன்று.

முதலாவது, எண்ணிக்கை. அரிதாக இருப்பதற்குத்தான் சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார். நாணயச் சாலையே அடித்துக்கொண்டே இருந்தால் அருமை எங்கிருந்து வரும்?

இரண்டாவது, சந்தேகம். அரசியின் காலத்திலேயே அடித்த உண்மையான 1780 தாலர்களும் உலகில் உண்டு. அவற்றின் மதிப்பு பல மடங்கு. ஆனால் மறு அச்சுகள் கோடிக்கணக்கில் இருப்பதால், "என்னிடம் இருப்பது அசல்" என்பதை நிரூபிக்கும் சுமை வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. ப்ரூச்சின் வடிவம், முத்துகள், கழுகின் வால் இறகு, விளிம்பின் அலங்காரம் ஆகியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளை வைத்து எந்தச் சாலை, எந்தக் காலம் என்று வல்லுநர்கள் பிரிக்கிறார்கள். வல்லுநரின் சான்று இல்லாத அசல், சந்தையில் மறு அச்சின் விலைக்கே போகும்.

மூன்றாவது, பாதுகாப்பு. மறு அச்சு வெள்ளி விலைக்குக் கீழே போகாது. அரிய காசென்று நினைத்துப் பெரும் விலை கொடுத்தவருக்கு நஷ்டம் வரும். வெள்ளி விலைக்கு வாங்கியவருக்கு அந்தப் பயம் குறைவு.

நம் ஊரிலும் நின்றுபோன ஆண்டுகள்

இது ஏதோ ஐரோப்பியக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பரணில் இருக்கும் வெள்ளி ரூபாயிலும் இதே போன்ற புதிர் உண்டு.

முகலாயர் காலத்தில் ரூபாயில் மன்னரின் ஆட்சியாண்டு போடுவார்கள். வங்காளத்தில் புதுக்காசுக்கு முழு மதிப்பு. ஆண்டு திரும்பிவிட்டால் சராப்புக்காரர் வட்டம் பிடிப்பார். வெள்ளி அதே வெள்ளி, எடையும் அதே எடை, ஆனாலும் பழைய ஆண்டுக்காசு என்று மதிப்பைக் குறைப்பார். குடியானவர் வரி கட்டும்போது இதனால் நஷ்டப்பட்டார். இதை ஒழிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வழி கண்டது. ஷா ஆலத்தின் 19ஆம் ஆட்சியாண்டு என்று போட்டு, அதன் பிறகு எத்தனை ஆண்டு போனாலும் அதே 19 என்றே அடித்தது. ஆண்டே மாறாவிட்டால் எந்தக் காசைப் பழையது என்று சொல்ல முடியும்?

சென்னையிலும் அப்படியே. கம்பெனி இங்கே அடித்த ஆற்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் இருக்கும். அது 1758-59ஐக் குறிக்கும். அந்த மன்னர் 1759இலேயே மறைந்துவிட்டார். ஆனால் தாமரைப்பூ அடையாளத்துடன் அதே ஆண்டுக்காசு 1835 வரை சென்னையில் வெளிவந்தது. தங்கசாலைத் தெரு வழியாகப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நாணயச் சாலை இருந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி.

அடுத்து விக்டோரியா ரூபாய். 1840 என்று போட்ட கம்பெனி ரூபாய் 1862 வரை அடிக்கப்பட்டது. 1862 என்று போட்ட ரூபாய் 1874 வரை. பம்பாய்ச் சாலை மட்டும் ஆண்டைத் தெரிந்துகொள்ளச் சின்னச் சின்னப் புள்ளிகளைச் சேர்த்தது. பலர் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கும் அந்தப் புள்ளிதான் காசின் பிறந்த நாள். சில புள்ளி வகைகளுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் விலை உண்டு.

இவை புழக்கத்துக்காக ஆண்டை மாற்றாமல் அடித்தவை. இவற்றை மறு அச்சு என்று சொல்வதில்லை. உண்மையான மறு அச்சும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகள் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்தன. சேகரிப்பாளர் கேட்டால் பழைய காசுகளைக் கண்ணாடி போன்ற பளபளப்புடன் அடித்துக் கொடுத்தன. சுதந்திரத்துக்குப் பிறகும், 1970 வரைகூட இந்த வழக்கம் இருந்தது. இவை தாலர் போலக் கோடிக்கணக்கில் அடித்தவை கிடையாது. மிகச் சில. ஆகவே அசல் ப்ரூஃப் காசைவிட விலை குறைவு என்றாலும், சந்தையில் புழங்கித் தேய்ந்த சாதாரணக் காசைவிட இவற்றின் மதிப்பு அதிகம்.

மறு அச்சே பெரும் செல்வமான கதை

இந்த இடத்தில் "அப்படியென்றால் மறு அச்சுக்கும் மதிப்பு வருமா சார்?" என்று கேட்பீர்கள். வரும். அமெரிக்காவின் 1804 வெள்ளி டாலர் அதற்குச் சான்று.

1804இல் 19,570 டாலர் அடித்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்கிறது. ஆனால் அன்று பழைய ஆண்டு அச்சுகளையே பயன்படுத்தினார்கள். 1804 என்று போட்ட டாலர் அந்த ஆண்டில் ஒன்றுகூட அடிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் பரிசாக அனுப்ப நாணயத் தொகுப்பு தேவைப்பட்டபோதுதான் 1804 என்று போட்டு முதன்முதலாக அடித்தார்கள். அவை எட்டு. பிறகு 1858ஐ ஒட்டி நாணயச் சாலைப் பணியாளர்களே திருட்டுத்தனமாகச் சிலவற்றை அடித்தார்கள். அதில் ஒன்று, 1857ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்து வெள்ளிக்காசின் மேலேயே அடித்தது. அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக மொத்தம் தெரிந்தவை 15.

மஸ்கட் சுல்தானுக்குரியதென்று கருதப்படும் டாலர் 1999இல் 41.4 லட்சம் டாலருக்கும், 2021இல் 76.8 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. பின்னால் திருட்டுத்தனமாக அடித்த மறு அச்சு ஒன்றுகூட 2009இல் 23 லட்சம் டாலருக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள். தாலரும் மறு அச்சு, இதுவும் மறு அச்சு. ஒன்று வெள்ளி விலை, மற்றொன்று கோடிகள். வித்தியாசம் எதில்? எத்தனை அடித்தார்கள், யார் அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்பதில். மறு அச்சு என்ற ஒற்றைச் சொல் விலையைத் தீர்மானிக்காது. அந்த மூன்று கேள்விக்கான விடைதான் தீர்மானிக்கும்.

வீட்டில் பழைய வெள்ளிக்காசு இருந்தால்

1. ஆண்டைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் எடை போடுங்கள். மரியா தெரசா தாலர் 28.07 கிராம். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். எடை வெகுவாகக் குறைந்தால் போலியாக இருக்கலாம்.

2. புளி, பல்பொடி, விபூதி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். காசு மின்னும், மதிப்பு போய்விடும். கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி.

3. வளையம் பற்றவைத்து மாலையில் கோக்காதீர்கள். பற்று வைத்த காசை சேகரிப்பாளர் வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்.

4. தாலரில் கூடுதலாக அரபு முத்திரை குத்தியிருந்தால், "அல் ஹிஜாஸ்" முத்திரை என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். உண்மையானவை உண்டு. பின்னால் குத்திய போலிகள் அதைவிட அதிகம்.

5. 1939 வெள்ளி ரூபாய் அரியது. அதனாலேயே அதில் போலியும் அதிகம். வல்லுநரிடம் காட்டாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

6. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் நம் சட்டப்படி தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. தாத்தாவின் ரூபாய் என்றாலும் அதே சட்டம்தான்.

7. அவசரத் தேவைக்கு விற்பதானாலும், உருக்கக் கொடுப்பதற்கு முன் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். உருக்கிய காசு திரும்பி வராது.

என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் இருப்பது சாதாரண மறு அச்சாகவே இருந்தாலும் வருத்தப்பட வேண்டாம். பம்பாயில் அடித்த தாலர் ஒன்று கையில் இருந்தால் அதில் ஒரு பேரரசியும், ஒரு போரும், பெயர் தெரியாத ஒரு பம்பாய்த் தொழிலாளியும் இருக்கிறார்கள். விற்க மனமில்லாவிட்டால் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, யார் கொடுத்தது, எந்த ஊரில் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். காசு சொல்லாத அந்தச் செய்தியைப் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்